தீப்பெட்டி முடிந்து கை தொடங்கும் இடம்

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அரிமளம் வண்டி கிளம்பும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. 2024 கார்த்திகை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டும் வரை சுவர்களில் தீப்பெட்டிச் சின்னம் வந்துகொண்டே இருந்தது. ஏப்ரல் தேர்தலுக்கு எழுதியது. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிருந்தாலும், பெட்டியின் ஓரத்தில் தலைகாட்டும் குச்சி இன்னும் தெரிந்தது. தெற்கே போகப்போக, ஏதோ ஒரு வளைவுக்குப் பிறகு தீப்பெட்டியைக் காணோம். அடுத்து வந்த சுவரில் கை. அதற்கடுத்த சுவரிலும் கை. எல்லைப் பலகை ஏதும் இல்லை. ஆனாலும் திருச்சி மக்களவைத் தொகுதி முடிந்து சிவகங்கை தொடங்கிவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

இந்த எல்லையைப் பார்க்கத்தான் வந்தேன். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. புதுக்கோட்டையையும் கந்தர்வகோட்டையையும் திருச்சியோடு சேர்த்தார்கள். விராலிமலை கரூருக்கும், அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கும் போயின. 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்து, 1974-ல் தனி மாவட்டமான மண்ணுக்கு, தன் பெயரில் ஒரு எம்.பி. கிடையாது. அந்த வருத்தத்தில் 2009 தேர்தலின்போது பலர் யாருக்கும் வாக்கில்லை என்று 49-ஓ பதிவு செய்தார்கள். இன்றைக்கும் டீக்கடையில் பேச்சைக் கிளப்பினால் அந்தக் கோபம் ஆறவில்லை என்பது தெரியும்.

நான்காகப் பிரிந்த இந்த மாவட்டத்துக்கு 2024-ல் கிடைத்த நான்கு எம்.பி.க்களைப் பாருங்கள். திருச்சியில் மதிமுகவின் துரை வைகோ. ராமநாதபுரத்தில் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி, ஏணிச் சின்னம். கரூரில் ஜோதிமணி, சிவகங்கையில் கார்த்தி சிதம்பரம், இருவரும் காங்கிரஸ். புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த மூலையில் நின்றாலும் உங்கள் எம்.பி. திமுககாரர் இல்லை, அதிமுககாரரும் இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால், தமிழ்நாட்டில் சின்னக் கட்சிகள் கொடிகட்டிப் பறக்கின்றன என்றுதான் நினைப்பார்.

வண்டி செம்மண் பூமிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தைலமரங்கள். மழை பெய்தும் அந்த மரங்களுக்கு அடியில் புல் முளைத்த அடையாளம் அதிகமில்லை. அரிமளத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது நகரத்தார் வீடுகளின் உயரமும் பூட்டும்தான். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்ததைக் கொண்டுவந்து கட்டிய வீடுகள். பாதிக்கு மேல் திறக்க ஆளில்லாமல் நிற்கின்றன. ஊரணிக்கரை ஓரமாக நடந்து, கூட்டமாக இருந்த ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன்.

கடைக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சாஸ்திரி – சிறிமா ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, பிறகு அம்மா வழி ஊர் என்று இங்கே வந்து சேர்ந்தவர். அன்றைக்கு அவர் முகத்தில் தனிப் பரபரப்பு. இலங்கையில் நவம்பர் 14 அன்று நாடாளுமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. அக்கா மகன் அங்கிருந்து அனுப்பிய குரல் செய்திகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் சுவர் எழுதுகிறவர். முப்பது வயது இருக்கலாம். விரல் நகங்களில் நீலப் பெயிண்ட். வந்த காரணத்தைச் சொன்னதும் அவர்தான் முதலில் பேசினார்.

“எல்லாச் சின்னமும் எழுதியிருக்கேண்ணே. கை, இலை, சூரியன் எல்லாம் கண்ணை மூடிக்கிட்டே போட்டுருவேன். ஏணி அதைவிடச் சுலபம். கரும்பு விவசாயிதான் கஷ்டம். ஆளு, தலைப்பா, கரும்பு எல்லாம் சரியா வரணும். அதைப் போட்டுப் போட்டுக் கை பழகுன நேரத்துல மைக்குன்னு மாத்திட்டாங்க.”

நாம் தமிழர் கட்சிக்கு 2024-ல் நடந்தது இது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டுப் பெற வேண்டும். கரும்பு விவசாயி வேறொரு கட்சிக்குப் போய்விட்டது. மதிமுகவுக்கும் அதே கதை வேறு வடிவில் நடந்தது. பம்பரம் கேட்டார்கள். குறைந்தது இரண்டு தொகுதிகளில் நின்றால்தான் பொதுச் சின்னம் என்பது விதி. கூட்டணியில் அவர்களுக்குக் கிடைத்ததோ திருச்சி ஒன்றுதான். திமுகவின் சூரியனில் நின்றால் எளிதில் ஜெயிக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. தேர்தல் நேரத்துத் திருச்சிக் கூட்டமொன்றில் துரை வைகோ உடைந்து பேசியதற்குப் பின்னால் இந்த நெருக்கடி இருந்தது. கடைசியில் தீப்பெட்டி கிடைத்தது, ஜெயித்தார். பேருந்தில் நான் பார்த்த வெளுத்துப்போன பெட்டிகளுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

சின்னம் வெறும் அடையாளம் என்று சிலர் நினைக்கலாம். பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயிக்கிறவர் சட்டப்படி அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். கொறடா உத்தரவு அவரையும் கட்டும். 2021-ல் மதிமுக சூரியனில் ஆறு இடங்களில் நின்று நான்கில் வென்றது. அந்த நால்வரும் பேரவையில் திமுக உறுப்பினர்களாகத்தான் கணக்கு. இரவல் சின்னத்தில் வென்ற கட்சிக்கு நாற்காலி கிடைக்கிறது, தனிக்குரல் கிடைப்பதில்லை. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

“நீங்க யாருக்குப் போட்டீங்க?” என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். “மைக்குக்குத்தாண்ணே. சிவகங்கைல ஒன்றரை லட்சத்துக்கு மேல விழுந்துச்சு. அத்தனையும் எங்கிட்டுப் போச்சு?”

நியாயமான கேள்வி. நாம் தமிழர் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ 6.6 சதவீதம் வாக்கு வாங்கியது. 2024-ல் 8 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டிலும் இடம் பூஜ்யம். அதே 2024-ல் விடுதலைச் சிறுத்தைகள் மாநில அளவில் ஏறத்தாழ இரண்டேகால் சதவீதம் வாங்கி, சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் வென்றார்கள். அந்தச் சிறுத்தைகளே 2016-ல் திமுக, அதிமுக இரண்டையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியில் நின்றபோது, காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். அன்றைக்கு அவர்களுக்கும் பூஜ்யம்தான்.

இந்தக் கணக்கின் உச்சம் தேமுதிக. 2006-ல் 232 தொகுதிகளில் தனியாக நின்று 8.38 சதவீதம் வாங்கியது. கிடைத்தது விருத்தாசலம் ஒன்று. 2011-ல் அதிமுகவோடு சேர்ந்து 41 இடங்களில் நின்றது. வாக்கு 7.88 சதவீதமாகக் குறைந்தது. கிடைத்தவை 29. திமுகவைப் பின்னுக்குத் தள்ளி விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஐந்து வருடத்தில் மக்களின் ஆதரவு கூடவில்லை, கொஞ்சம் இறங்கியது. மாறியது பக்கத்தில் நின்ற ஆள் மட்டும். பாமகவும் 2016-ல் தனித்து நின்று 5.3 சதவீதத்துக்கு ஒன்றும் பெறாமல், 2021-ல் கூட்டணியில் அதைவிடக் குறைந்த வாக்குக்கு ஐந்து இடம் பெற்றது. வாக்கு விழுந்த அளவுக்கும் கிடைத்த இடத்துக்கும் இவ்வளவு தொலைவு இருக்கும்போது, மக்கள் தீர்ப்பு என்ற சொல்லை நாம் இன்னும் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

சுவர்க்காரருக்கு இதில் பாதி தெரிந்திருந்தது. அவருக்கு வேறொரு கணக்கும் தெரிந்திருந்தது. அரிமளம் அடங்கிய திருமயம் தொகுதியில் 2016-ல் திமுகவின் ரகுபதி வென்றது 766 வாக்கில். 2021-ல் அவரே மறுபடி வென்றது 1,382 வாக்கில். அந்தத் தேர்தலில் நாம் தமிழர் வாங்கியது அந்த வித்தியாசத்தைப் போலப் பல மடங்கு. “எங்களால ஒருத்தரைத் தோக்கடிக்க முடியும்ணே, ஜெயிக்கத்தான் முடியாது” என்றார். சின்னக் கட்சிகளுக்கு இந்தத் தேர்தல் முறை கொடுத்திருக்கும் ஆயுதம் அதுதான். யாரைத் தோற்கடிக்க முடியும் என்று காட்டித்தான் அடுத்த தேர்தலில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. பேரம் நடப்பது சென்னையில். அரிமளத்துச் சுவரில் என்ன எழுதலாம் என்பது அங்கே முடிவாகி இங்கே வருகிறது.

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “முன்னால அப்பிடி இல்ல தம்பி. இங்க உமாநாத் ஜெயிச்சிருக்காரு.”

அவர் இங்கே வருவதற்கு முன்பு நடந்தது அது, ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறார். உண்மைதான். புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி உயிரோடு இருந்த காலத்தில், 1952 முதல் தேர்தலில் இங்கே வென்றவர் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு. 1962-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். உமாநாத், 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் அதே உமாநாத். காங்கிரஸ் அலை அடித்த 1952-லேயே இந்த மண் சிறிய கட்சிக்காரர் ஒருவரை டெல்லிக்கு அனுப்பியது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் அந்த 1952 தேர்தல் கணக்கிலேயே இன்றைய கோளாறு இருக்கிறது. நாடு முழுக்க சோசலிஸ்ட் கட்சி 10.6 சதவீதம் வாங்கிப் பெற்றது 12 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சி 3.3 சதவீதத்துக்குப் பெற்றது 16. சோசலிஸ்டுகளின் வாக்கு ஊரெல்லாம் தூவிக் கிடந்தது, கம்யூனிஸ்டுகளின் வாக்கு சென்னை மாகாணம், வங்காளம் என்று குவிந்து கிடந்தது. தூவிய வாக்கு முளைப்பதில்லை. பிரிட்டனில் 2024 ஜூலையில் இதே கதை: 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு ஐந்து இடம், 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. இந்த முறையை நமக்குக் கொடுத்த ஊர் அது.

தமிழ்நாட்டுக் கட்சிகள் இதை 1967-லேயே புரிந்துகொண்டன. அந்த வருடம் காங்கிரஸ் வாங்கிய வாக்கு திமுக வாங்கியதைவிடச் சற்று அதிகம். ஆனால் அண்ணா ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்டுகளையும் முஸ்லிம் லீக்கையும் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்து, எதிர் வாக்கு சிதறாமல் பார்த்துக்கொண்டார். திமுக மட்டும் 137 இடம். அன்று தொடங்கிய கூட்டணிக் கலைதான் இன்றைக்கும் சிறிய கட்சிகளின் சோற்றுக்கு வழி. முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற முறை இரண்டு பெரிய கட்சிகளை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மாரிஸ் டுவர்ஜே 1951-ல் எழுதினார். நம் ஊரில் அது இரண்டு பெரிய பந்தல்களாக ஆயிற்று.

மழை விட்டதும் ஒரு வண்டி பிடித்துத் திருமயம் போய் வந்தேன். கோட்டையைப் பார்க்க மட்டும் போகவில்லை. தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்த ஊர் அது. சுயராஜ்யக் கட்சிக்காரராகச் சட்டமன்றத்துக்குள் போனவர், பிறகு மத்தியச் சட்டசபையில் கேள்வி நேரத்தில் ஆங்கிலேய அதிகாரிகளைத் திணறவைத்தவர். அந்தச் சபையில் அவர் பக்கத்துக்கு ஆட்சி கிடையாது, ஆட்சிக்கு வரும் வழியும் கிடையாது. உள்ளே ஒரு இடம் இருந்தது, எழுந்து கேட்க முடிந்தது. மலைக்குடைவரையில் சத்தியமூர்த்திப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஒரு சின்னக் கட்சிக்கு முதலில் வேண்டியதும் இவ்வளவுதானே என்று தோன்றியது. ஆட்சியில் பங்கு அப்புறம். கேட்பதற்கு ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி அரிமளம். பெரியவர் எனக்காகவே காத்திருந்ததுபோல் செல்போனை எடுத்தார். “நம்ம பய என்ன சொல்றான்னு கேளுங்க.” அக்கா மகனின் குரல், மலையகத் தமிழில், பக்கத்தில் மழைச் சத்தத்தோடு. திசைகாட்டி 159 வாங்கிவிட்டது, மாமா, யாழ்ப்பாணத்தில்கூட மூன்று எடுத்துவிட்டது என்றது.

அந்த 159 பெரிய செய்திதான். என் மனம் அதற்கு முந்தைய எண்ணில் நின்றது. திசைகாட்டிச் சின்னத்துக்குரிய அதே தேசிய மக்கள் சக்தி 2020-ல் வாங்கியது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. கிடைத்தது மூன்று இடம். கொழும்பில் அநுர குமார திசாநாயக்க, கம்பஹாவில் விஜித ஹேரத், தேசியப் பட்டியலில் ஹரிணி அமரசூரிய. நம் முறையில் அந்த நான்கு சதவீதம் பூஜ்யமாகியிருக்கும். அங்கே விகிதாசார முறை இருந்ததால் மூவரும் நாலு வருடம் சபையில் எழுந்து பேசினார்கள். 2024 செப்டம்பரில் அநுர ஜனாதிபதி. பட்டியல் வழியாக உள்ளே வந்த ஹரிணி பிரதமர்.

இலங்கையிலும் ஒருகாலத்தில் நம் முறைதான். 1977 தேர்தலில் 29.7 சதவீதம் வாங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு இடம். ஏழு சதவீதத்தை எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, வாக்கு வடகிழக்கில் குவிந்திருந்ததால், 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. முதலில் மாவட்டத்தில் 12.5 சதவீதம் வாங்கினால்தான் இடம் என்று வைத்தார்கள். 1988-ல் அதை ஐந்தாகக் குறைக்கவைத்தவர் முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரப். ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு ஆதரவு தருவதற்கு அவர் கேட்ட விலை அது. அமைச்சர் பதவி கேட்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு, எல்லாச் சின்னக் கட்சிக்கும் கதவைத் திறக்கும் ஒரு விதியைக் கேட்ட மனிதர் என்று அவரை நான் மதிக்கிறேன்.

பெரியவருக்கு விகிதாசார முறையின் மேல் இந்த மதிப்பு முழுதாக இல்லை. அவர் குறையும் சரியானதே. “அங்க மாவட்டம் முழுக்க ஒரே தொகுதி தம்பி. நுவரெலியா எவ்வளவு பெரிசு! லயத்துல கூரை ஒழுகுனா எந்த எம்.பி.கிட்டப் போறது? விருப்பு வாக்குன்னு மூணு போடச் சொல்லுவாங்க. ஒரே கட்சிக்காரன் ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்குவான். இங்கன்னா எம்.எல்.ஏ. வீடு எதுன்னு எனக்குத் தெரியும்.”

1949 ஜனவரியில் நம் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரீமுதீன் விகிதாசாரம் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் மறுத்ததற்கும் இதையொத்த நடைமுறைக் கவலைகள்தான் காரணம். எழுத்தறிவு குறைந்த நாட்டில் அந்த முறை சிக்கலாகிவிடும், ஆட்சி நிலைக்காது என்றார். அன்றைக்கு அது பொறுப்பான பதில். இன்றைக்கு அரிமளத்தில் சுவர் எழுதும் இளைஞர் சதவீதக் கணக்கு சொல்கிறார். அந்தப் பதிலை மறுபடி எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்பது என் எண்ணம். தொகுதி, விகிதாசாரம் இரண்டையும் சேர்க்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியில் தொகுதி ஆளுக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு. நியூசிலாந்தில் 1981-ல் ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கிய சோஷியல் கிரெடிட் கட்சிக்கு இரண்டே இடம் கிடைத்தது. மக்கள் பொறுக்கவில்லை. 1993-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி ஜெர்மன் வழிக்கு மாறினார்கள். நம் சட்ட ஆணையமே 1999-ல், இருக்கும் தொகுதிகளோடு கூடுதலாகக் கால் பங்கு இடங்களைக் கட்சிப் பட்டியல் வழியே நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டாக அந்த அறிக்கை அப்படியே இருக்கிறது. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பது விகிதாசார முறையில்தான், ஆறு இடம் காலியானால் 34 வாக்குக்கு ஒரு இடம். உறுப்பினர்களுக்கு நியாயமாகப் படும் கணக்கு வாக்காளர்களுக்கு மட்டும் ஏன் ஆகாது?

இதை நான் சொன்னபோது சுவர்க்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டு ஓட்டா? அப்ப ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு மனசுக்கு” என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். அவருக்கு வேறொன்று பேச வேண்டியிருந்தது.

“எழுதுறப்போ வரத்துக்காலையும் எழுதுங்க தம்பி. தைலமரத்துக்கு நாலாப் பக்கமும் கரை போட்டு வச்சிருக்காங்க. மழைத்தண்ணி அதுக்குள்ளயே நின்னுருது. கண்மாய்க்கு வர்றதில்ல. இதைக் கேட்டு வருசக்கணக்கா மறியல், மனு. வந்து உக்கார்றவங்க பூரா சின்னச் சின்னக் கொடிதான். பெரிய கொடி வரும், போட்டோ எடுக்கும், போயிரும்.”

மனு எழுதிய அத்தனை பேரும் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும், அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சென்னையிலோ டெல்லியிலோ எழுந்து நிற்க ஒரு இடம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. சுவர்க்காரர் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். ஊரைத் தாண்டி ஒரு மைல் இருக்கும். அவர் சொன்ன கரை இடுப்பளவு உயரத்தில் நீண்டு போயிற்று. உள்ளே, மரங்களின் காலடியில், பகல் பெய்த மழை சிவப்பாகத் தேங்கி நின்றது. கரைக்கு இந்தப் பக்கம் வரத்துக்கால். அதில் அடி ஈரமாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கணுக்கால்கூட நனையவில்லை.